குடித்தது நண்பர்கள், கேஸ் ஓட்டியவர் மேல்: கலிஃபோர்னியாவில் 21 வயது நிரம்பாதவர் மாட்டினால்

"என் பிள்ளை ஒரு சொட்டுகூடக் குடிக்கலையே!" பெற்றோர் முதலில் சொல்வது இதைத்தான். உண்மையாகவும் இருக்கும். ஊதிப் பார்த்த கருவி 0.00 காட்டியிருக்கும், ஆனாலும் பிள்ளையின் கையில் போலீஸ் கொடுத்த டிக்கெட் (குற்றச்சாட்டுச் சீட்டு) இருக்கும். கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 23224-வது பிரிவுதான் காரணம். 21 வயது நிரம்பாதவர், வண்டியில் மது இருப்பது தெரிந்தே ஓட்டினால் அதுவே குற்றம். யார் வாங்கினார், யார் குடித்தார், மூடி திறந்திருந்ததா என்பதையெல்லாம் அந்தப் பிரிவு பார்ப்பதில்லை.

இங்கேதான் பெரியவர்கள் தப்பான யோசனை சொல்லிக் கொடுக்கிறார்கள். "டிக்கியில வச்சிடு, ஒண்ணும் ஆகாது." அது 21 நிரம்பியவர்களுக்கான விதி, அதுவும் திறந்த பாட்டிலுக்கானது. சின்னவர் ஓட்டும் வண்டியில் சீல் பிரிக்காத பீர் பெட்டி டிக்கியில் இருந்தாலும் அது வண்டியில் இருக்கும் மதுதான். முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் சிறிய அறையான க்ளோவ் பாக்ஸைச் சட்டம் யாருக்கும் டிக்கியாக ஏற்பதில்லை. அதில் திறந்த பாட்டில் இருந்தால் சீட்டில் இருந்த மாதிரியே.

விலக்கு உண்டு, ஆனால் குறுகலானது. பெற்றோரோ, பொறுப்பான வயதுவந்த உறவினரோ, மதுவை எடுத்துப்போவதற்காகப் பெற்றோர் நியமித்த வேறொரு பெரியவரோ கூடவே இருந்தால் 23224 பாயாது. 23 வயது அத்தை மகன் கூட வந்தால் சரி. 23 வயது நண்பன் என்றால், பெற்றோர் அவரை அப்படி நியமித்திருக்க வேண்டும். தனியாக ஓட்டினாலும், மதுவை என்ன செய்வது என்று பெற்றோர் சொன்ன நியாயமான வழியைத் தாமதிக்காமல் பின்பற்றிக் கொண்டிருந்தால் அது முழுமையான எதிர்வாதம். ஆகவே பார்ட்டியிலிருந்து கிளம்பும்போது சீட்டுக்கடியில் பாட்டில் கண்ணில் பட்டால் வீட்டுக்கு உடனே மெசேஜ் அனுப்புவது வெறும் நல்லபிள்ளைத்தனம் இல்லை. "இதை என்ன செய்ய?" என்ற கேள்வியும் அதற்கு வந்த பதிலும் நேரத்தோடு போனில் பதிவாகி நிற்கும். மெசேஜை வண்டி நகரும் முன்னே அனுப்ப வேண்டும், ஓட்டிக்கொண்டே அல்ல.

இந்த விலக்கை நம்பி அத்தை மகனைத் திறந்த பாட்டிலோடு ஏற்றிவிட வேண்டாம். ஓடும் வண்டியில் திறந்த மதுவைக் கையில் வைத்திருப்பது எந்த வயதுக்காரருக்கும் தடை. அது சும்மா வண்டிக்குள் கிடந்தால், பதிவு பெற்ற உரிமையாளர் உள்ளே இல்லாதபோது பொறுப்பு ஓட்டுபவருக்கு. அப்பா பெயரில் பதிவான காரில் பிள்ளைகள் மட்டும் போகும்போது நடப்பது இதுதான்.

குடித்த நண்பர்களைப் பாட்டில் எதுவும் இல்லாமல் வீட்டில் கொண்டுபோய் விட்டால்? அதற்காக மட்டும் ஓட்டுநர் மேல் 23224 வராது. வருவது வேறு இரண்டு. 18 வயது வரை கையில் இருப்பது தற்காலிக லைசென்ஸ். அதன் முதல் 12 மாதங்கள், பெற்றோரோ 25 வயது நிரம்பிய லைசென்ஸ்காரரோ கூட இல்லாமல் 20 வயதுக்குட்பட்டவர்களை ஏற்றக்கூடாது, இரவு 11 முதல் காலை 5 வரை ஓட்டவும் கூடாது. பார்ட்டி முடிகிற நேரமும் ஏறுகிற கூட்டமும் இந்த இரண்டிலுமே சிக்கும்.

போலீஸ் வண்டியை நிறுத்தினால் எல்லாமே "தெரிந்தே" என்ற ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடக்கும். பாட்டில் எங்கே கிடந்தது, வண்டிக்குள் வாடை அடித்ததா, பிள்ளை என்ன சொன்னான் என்பவைதான் சாட்சியம். பின்சீட்டுக்குக் கீழே வைத்த கேன் பிரேக் போட்டதும் உருண்டு முன்சீட்டு ஓரத்தில் வந்து நிற்கும். பார்ப்பவருக்கு அது ஓட்டுநர் வைத்ததாகவே தோன்றும். சோடா கேன் போலவே இருக்கும் ஆல்கஹால் கேன்களும், மூடி போட்ட டம்ளரில் ஊற்றி வந்ததும் இன்னொரு வகை. அங்கே தெரியாது என்ற வாதம் நிஜமாகவே எடுபடும், பிள்ளை பதற்றத்தில் "அது அவனோடது" என்று சொல்லாத வரை. ஏனென்றால் அந்த வாக்கியம் நண்பனைக் காட்டிக் கொடுப்பதோடு தனக்கு முன்பே தெரியும் என்றும் ஒப்புக்கொள்கிறது.

பெயர், லைசென்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ் கேட்டால் கொடுக்க வேண்டும். மற்றக் கேள்விகளுக்கு "அப்பா அம்மா வந்ததும் பேசுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். வண்டியைச் சோதிக்க அனுமதி கேட்டால் சம்மதம் இல்லை என்று சொல்ல உரிமை உண்டு. அதையும் மீறிச் சோதித்தால் தடுக்கக்கூடாது. ஊதச் சொன்னால் மட்டும் மறுக்கவே கூடாது. 21 நிரம்பாதவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.01 சதவீதம், மறுத்தால் குறைந்தது ஓராண்டு லைசென்ஸ் போகும். குடிக்காத பிள்ளைக்கு அந்தக் கருவிதான் முதல் சாட்சி. டிக்கெட்டில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது, ஆஜராவேன் என்ற உறுதிமொழி மட்டுமே. கையெழுத்து மறுத்தால் காவலில் எடுப்பார்கள். காவலில் வைத்து விசாரிப்பதானால், 17 வயது வரையுள்ளவர் முதலில் வக்கீலிடம் பேசியாக வேண்டும். 2021 முதல் இதைப் பிள்ளையே வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கவும் முடியாது.

அடுத்தது இரண்டு தடம். கோர்ட் ஒன்று, லைசென்ஸ் கொடுக்கும் வாகனத் துறையான டிஎம்வி இன்னொன்று. கருவி 0.01-ஐத் தொட்டாலோ ஊத மறுத்தாலோ டிஎம்வி தன் பாட்டுக்கு லைசென்ஸை நிறுத்தும். அந்த உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் ஹியரிங் கேட்காவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். லைசென்ஸுக்குப் பதில் தரும் தற்காலிகத் தாள் 30 நாள் செல்லும் என்பதால் பலர் அந்த 30-ஐயே கெடு என்று எண்ணிக் கோட்டை விடுகிறார்கள். 0.00 வந்தவருக்கு இந்தத் தடம் இல்லை, கோர்ட் மட்டும்தான்.

18-க்குக் கீழ் என்றால் கோர்ட் அழைப்பு பெற்றோருக்கும் சேர்த்து வரும், கூடப் போக வேண்டும். அங்கே பிள்ளையை முந்திக்கொண்டு "சார், அவனுக்குத் தெரியும், ஆனா தொடலை" என்று ஆரம்பிக்கும் அப்பாக்கள் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் மறுக்க வேண்டிய ஒரே விஷயத்தை அவரே கொடுத்துவிடுகிறார். 23224 மிஸ்டிமீனர் (சிறிய கிரிமினல்) வகைக் குற்றம் என்பதால், வெறும் டிராஃபிக் அபராதம் என்று நினைத்து ஆன்லைனில் கட்டிமுடிக்கப் பார்க்க வேண்டாம். ஹெச்-4 விசாவிலோ (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) கிரீன் கார்டு வரிசையிலோ இருக்கும் குடும்பம், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவரையும் கேட்டுவிடுவது நல்லது.

அபராதம் 1000 டாலர் வரை, லைசென்ஸ் ஓராண்டு நிறுத்தம். லைசென்ஸே இல்லாதவருக்கு, எடுப்பது ஓராண்டு வரை தள்ளிப்போகும். வண்டி 21 நிரம்பாத அந்தப் பிள்ளையின் பெயரிலேயே பதிவாகியிருந்தால் 1 முதல் 30 நாள் வரை பிடித்து வைக்கலாம், செலவு நம்முடையது.

ஒன்றைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும். வண்டியில் ஒருவர் குடித்துவிட்டு மயங்கி, மூச்சு சீராக இல்லையென்றால் ஓரங்கட்டி 911-ஐ அழைக்க வேண்டும். முதலில் அழைத்து, உதவி வரும்வரை கூட இருந்து, ஒத்துழைக்கும் 21-க்குட்பட்டவருக்கு மது வைத்திருந்த குற்றத்திலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு. அது குடித்துவிட்டு ஓட்டிய குற்றத்தை மறைக்காது.

லைசென்ஸ் நிறுத்தப்பட்ட பிறகும் ஒரு வழி பாக்கி இருக்கிறது. பள்ளிக்குப் போக வேறு போக்குவரத்து போதவில்லை, வீட்டில் நோயாளி இருக்கிறார், குடும்ப வருமானம் இந்தப் பிள்ளை ஓட்டுவதை நம்பியிருக்கிறது என்ற மாதிரிக் காரணம் இருந்தால், அத்தியாவசியத் தேவை என்று அதே கோர்ட்டில் மனு போடலாம். பள்ளி பஸ் அந்தப் பக்கம் வராது என்பதற்குப் பள்ளியின் கடிதம், டாக்டர் கடிதம், வேலை நேர அட்டவணை எல்லாவற்றையும் மனுவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். கிடைத்தால் குறிப்பிட்ட தேவைக்கு மட்டும் ஓட்டலாம், மிச்சமிருக்கும் நிறுத்தக் காலம் முடியும் வரை அந்தக் கட்டுப்பாடு தொடரும்.