இரண்டு ஸ்குரூ இல்லை

கோடை விடுமுறைக்கு மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். நேற்று அவள் இறங்கும் முன் நானே ஒருமுறை முங்கிப் பார்த்தேன். ஆழமான பக்கத்தில், அடியில் இருக்கும் வடிகால் மூடியில் நான்கு ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. விரல் பட்டதும் மூடி ஆடியது.

அது சும்மா ஒரு மூடி இல்லைங்க. அதன் வழியாகத்தான் மோட்டார் தண்ணீரை உறிஞ்சுகிறது. மூடி கழன்று, பிள்ளையின் முடியோ கையோ வயிறோ அந்த ஓட்டையில் சிக்கினால், பெரியவர்கள் சேர்ந்து இழுத்தாலும் வராது. 2002இல் அமெரிக்காவில், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி சுடுநீர்த் தொட்டியில் இப்படித்தான் இறந்துபோனாள். பெற்ற தாய் இழுத்தும் வரவில்லை. 2007இல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள். பொதுக் குளங்களில் ஆளைப் பிடித்து இழுக்காத வகை மூடிதான் இருக்க வேண்டும் என்று.

மேனேஜரிடம் ஓடினேன். "ரெகுலரா செக் பண்றோம் சார்" என்றார். கடைசியாக எப்போது என்று கேட்டேன். எழுதிவைத்த பதிவேடு ஒன்றும் இல்லை. பயிற்சி கொடுக்கும் தம்பிதான் உடனே புரிந்துகொண்டு பிள்ளைகளை எல்லாம் மேலே ஏற்றினார். அவருக்குக் கோடி நன்றி.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நீந்தும் இடத்தில் மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். இங்கே பம்ப் ரூம் பூட்டியிருந்தது. சாவியோடு வாட்ச்மேன் வந்து நிறுத்த ஏழு நிமிடம் ஆனது.