வாய் திறக்காத எழுத்து

"சார், நான் தெளிவாத்தானே பேசினேன்?" என்று கேட்டார் அந்தப் பெண். தெளிவாகத்தான் பேசியிருந்தார். அதுதான் வில்லங்கமே.

சென்னையில் ஒரு கால் சென்டரில் உச்சரிப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த நாட்கள். அமெரிக்க வாடிக்கையாளர்கள், நைட் ஷிப்ட். பதிவான ஒரு அழைப்பை ஹெட்செட்டில் கேட்கிறேன். "வீ கேன் ரீஃபண்ட் இட், மேம்" என்கிறார் இவர். மறுமுனையில் ஒரு நொடி அமைதி. அப்புறம் சுள்ளென்று "வொய் நாட்?" மூன்று நிமிடம் மாறி மாறிப் பேசி, கடைசியில் சூப்பர்வைசரிடம் போனது. பணம் தருகிறோம் என்று சொன்னதற்கு இத்தனை சண்டை!

நாலு முறை ஓட்டிக் கேட்ட பிறகுதான் பிடிபட்டது. சாதாரண வாக்கியத்தில் அமெரிக்கர்கள் 'கேன்' என்று முழுசாகச் சொல்வதில்லை. 'க்ன்' என்று விழுங்கிவிடுவார்கள். 'கேன்ட்' என்று மறுக்கும்போதுதான் உயிரொலி முழுசாக வரும். அதன் கடைசி 'ட்' பெரும்பாலும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஆக, அவர்கள் காது 'ட்'டை எதிர்பார்ப்பதில்லை, உயிரொலியைத்தான் பார்க்கிறது. இவர் அழுத்தம் திருத்தமாகச் சொன்ன 'கேன்', அங்கே 'முடியாது' என்று போய் விழுந்திருக்கிறது.

இந்தப் பெண் பள்ளியில் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியில் பரிசு வாங்கியவர். 'ஒரு எழுத்தையும் விழுங்காதே' என்று வளர்த்த நாக்கு. அதை விழுங்கச் சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருந்தது.

விழுங்கியபின் மிஞ்சும் அந்த ஒலிக்கு ஷ்வா என்று பெயர். எபிரேய இலக்கணத்திலிருந்து வந்த சொல். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான், ஆனால் அதற்கென்று ஓர் எழுத்து கிடையாது. அகராதியில் ஆங்கிலச் சின்ன ஈ (e) எழுத்தைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள். பலகையில் அதை வரைந்தால் பயிற்சிக்கு வந்தவர்கள் முகத்தில் ஈயாடாது. சில நாட்களில் வரைவதையே விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாகக் குற்றியலுகரத்தைக் கொண்டுவந்தேன். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த விஷயம். 'காசு' என்று சொல்லிக் கண்ணாடியைப் பாருங்கள், கடைசி உகரத்துக்கு உதடு குவிகிறதா? குவியாது. தொல்காப்பியக் கணக்கில் அதற்கு அரை மாத்திரைதான். ஷ்வாவும் இதுவும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் உதடு, தாடை எல்லாம் சும்மா கிடக்க ஒலி நழுவிப் போவது எப்படி என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மோவாய்க்கு அடியில் கை வைத்துக்கொண்டு 'க்ன்' சொல்லச் சொல்வேன். தாடை கையை இடித்தால் மறுபடியும் முதலிலிருந்து.

இன்னொன்றும் கவனித்தேன். டாக்டர், லெமன், சர்க்கஸ் எல்லாம் நமக்குச் சரியாகவே வருகின்றன. யாரும் 'டாக்டோர்' என்பதில்லை. காதால் கேட்டுப் பழகிய சொற்கள் அவை. 'பிரைவேட்', 'கிளைமேட்', 'சாக்லேட்' என்று நீட்டுவதெல்லாம் எழுத்தைப் பார்த்து வந்த வினை. அமெரிக்கர் வாயில் கடைசி அசை 'வட்', 'மட்', 'லட்' என்று சுருங்கிவிடும். அதற்காக, பிரைவேட் பஸ் கண்டக்டரிடம் போய் யாரும் அப்படிச் சொல்ல வேண்டாம். அமெரிக்கர் மாதிரி 'ர' சொல்ல வைக்கும் பயிற்சியிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. 'கேன்' விஷயம் வேறு. அது பொருளையே புரட்டிப் போடுகிறது.

இரண்டு வாரம் தினம் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தோம். தனியாகச் சொன்னால் அழகாக 'க்ன்' வரும். லைவ் காலில், வாடிக்கையாளர் குரலை உயர்த்தியதும் பழையபடி கணீரென்று 'கேன்'! பதற்றம் வந்தால் நாக்கு ஒப்புவித்தல் மேடைக்கே போய்விடுகிறது.

ஒரு மாதம் கழித்து அவருடைய அழைப்புகளை மறுபடி கேட்டேன். ஒரு புகாரும் இல்லை. பெருமையாகக் காது கொடுத்துக் கேட்டால், 'க்ன்' எங்குமே இல்லை. 'கேன்'னும் இல்லை. எல்லா இடத்திலும் "வீ வில் ரீஃபண்ட் இட், மேம்."

கேட்டதற்கு, "அதுல குழப்பமே வரலியே சார்" என்றார்.

அடுத்த பேட்ச் கையேட்டில் முதல் வரியாக அதைத்தான் சேர்த்தேன்.