2023 அக்டோபர் சீசன்: பார்க்கப் பார்க்க எழுதியது

செப்டம்பர் 29, 2023, வெள்ளி

ஜப்பானில் அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள்) சீசன் வருடத்துக்கு நான்கு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். அக்டோபர் இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் 'ஃப்ரீரென்' வந்துவிட்டது. அதுவும் ஒரே இரவில் நான்கு எபிசோடுகள். நிப்பான் டிவியில் வெள்ளி இரவு 9 மணி என்றால் அது சினிமாவுக்கான நேரம். கிப்லி ஸ்டுடியோவின் அனிமேஷன் படங்களை ஜப்பானியக் குடும்பங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த நேரத்தில்தான். ஒரு டிவி தொடரின் முதல் ஒளிபரப்பை அங்கே வைத்தது இதுவே முதல் தடவை.

பார்த்து முடித்ததும் காரணம் புரிந்தது. அசுர அரசனைக் கொன்றுவிட்டு நான்கு பேர் ஊர் திரும்புகிறார்கள். மற்ற தொடர்கள் கடைசி எபிசோடுக்கு வைத்துக்கொள்ளும் காட்சி இது. அதில் ஃப்ரீரென் எல்ஃப் என்ற நீண்ட ஆயுள் இனத்தவள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவள். பத்து வருடப் பயணம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. 50 வருடத்துக்கு ஒருமுறை வரும் எரிநட்சத்திர மழையைப் பார்த்துவிட்டு, 'அடுத்த தடவை இதைவிட நல்ல இடத்துக்குக் கூட்டிப்போகிறேன்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். சொன்னபடி திரும்பி வரும்போது குழுவின் வீரன் ஹிம்மெல் தலை வழுக்கையான கிழவர். நட்சத்திரங்களைப் பார்த்த கொஞ்ச நாளில் அவர் போய்விடுகிறார்.

இறுதிச் சடங்கில் ஃப்ரீரென் முகத்தில் சலனமே இல்லை. அழக்கூட இல்லையே என்று ஊரார் முணுமுணுக்கிறார்கள். மண் விழும் நேரத்தில்தான் அவளுக்கு உடைகிறது: மனிதர்களுக்கு ஆயுள் குறைவு என்று தெரிந்திருந்தும் இவரைத் தெரிந்துகொள்ள ஏன் முயற்சி செய்யவில்லை? குழுவில் இருந்த பாதிரியார் ஹைட்டர் அவள் தலையைத் தடவுகிறார், தடவாதே என்கிறாள். இசையமைப்பாளர் எவன் காலின் இசை அந்த இடத்தில் அழுத்தாமல் தள்ளியே நிற்கிறது. இயக்குநர் கெய்இச்சிரோ சைட்டோ இதற்கு முன் 'போச்சி த ராக்' என்ற இசைக்குழு நகைச்சுவைத் தொடரைச் செய்தவர். அங்கே இருந்த துள்ளல் முழுவதையும் இங்கே அடக்கி வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 30, சனி

நேற்றைய மூன்றாவது எபிசோடை மறுபடி பார்த்தேன். முதல் எபிசோடைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு இதுதான் தொடரின் அஸ்திவாரம்.

குவால் என்ற அசுரன் 80 வருடமாகச் சிறைப்பட்டுக் கிடக்கிறான். ஒரு காலத்தில் அவன் கண்டுபிடித்த கொலை மந்திரத்தை எந்தக் கவசமும் தடுக்காது. அதனால்தான் ஹிம்மெல் குழுவால் அவனை முடிக்க முடியாமல் பூட்டி வைக்க நேர்ந்தது. ஃப்ரீரென் இப்போது பூட்டைத் திறக்கிறாள். குவால் அதே மந்திரத்தை ஏவுகிறான். ஃப்ரீரெனின் மாணவியான சிறுமி ஃபெர்ன் அதைச் சாதாரணமாகத் தடுத்துவிடுகிறாள். இடைப்பட்ட காலத்தில் மனிதர்கள் அந்த மந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து, தடுக்கும் வழியைக் கண்டுபிடித்து, கடைசியில் மாணவர்கள் படிக்கும் அடிப்படைப் பாடமாகவே ஆக்கிவிட்டார்கள். அவன் பெருமைப்பட்ட ஆயுதம் இன்றைக்குச் சாதாரணத் தாக்குதல் மந்திரம்.

சண்டை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் 80 வருடம் என்றால் என்ன என்பதை அந்தச் சில நிமிடம் காட்டுவதுபோல் எந்த வசனமும் காட்டியிருக்காது. முந்தின நாள் ஒரு எபிசோடோடு நிறுத்தியிருந்தால் 'சோகக் கதை' என்று முத்திரை குத்தி நகர்ந்திருப்பார்கள். நான்கையும் சேர்த்துக் கொடுத்தது தொடருக்குச் செய்த நியாயம்.

அக்டோபர் 1, ஞாயிறு

'ஷாங்ரி-லா ஃப்ரான்டியர்' தொடங்கியது. மோசமான வீடியோ கேம்களைத் தேடித் தேடி விளையாடும் ஒருவன் முதல் முறையாக ஒரு நல்ல கேமுக்குள் நுழைகிறான். இந்த வகைக் கதைகளில் வழக்கமாக வரும் சாவு, மறுபிறவி எதுவும் இல்லை, அவனுக்கு விளையாட்டு பிடிக்கும், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷம் உண்மையாக இருக்கிறது. தொடர்ந்து பார்ப்பேன்.

'ஓவர்டேக்' மாங்காவிலிருந்து (ஜப்பானியக் காமிக்ஸ்) வரவில்லை, ட்ரோய்கா ஸ்டுடியோவின் சொந்தக் கதை. எஃப்4 (ஃபார்முலா 4) கார் பந்தயம். மனிதர்களைப் படமெடுக்க முடியாமல் போன ஒரு புகைப்படக்காரரும், சிறிய அணிக்காக ஓட்டும் ஒரு பையனும். டயர், மழை, பணத் தட்டுப்பாடு என்று பந்தயத்தின் அன்றாடச் சங்கடங்களைப் பொறுமையாகக் காட்டுகிறார்கள். புகைப்படக்காரருக்கு என்ன நடந்தது என்பதை இன்னும் சொல்லவில்லை. அவசரப்பட்டுச் சொல்லாதது பிடித்திருக்கிறது.

அக்டோபர் 3, செவ்வாய்

'மிகி அண்ட் டாலி'. இரட்டைச் சிறுவர்கள் ஒரே பையன்போல நடித்து ஒரு வயதான தம்பதியின் வீட்டுக்குத் தத்துப்பிள்ளையாகப் போகிறார்கள். ஒருவன் வெளியே இருந்தால் இன்னொருவன் ஒளிந்திருப்பான். கண்ணிமைக்கும் நேரத்தில் இடம் மாறுவார்கள். சிரிப்பாக ஆரம்பித்து அடியில் ஏதோ இருட்டு ஓடுகிறது.

இதன் மூல மாங்காவை வரைந்த நாமி சானோ கடந்த ஆகஸ்டில் 36 வயதில் காலமானார். தொடர் திரைக்கு வர இரண்டு மாதம்கூட இல்லை. அவருடைய நகைச்சுவை எப்போதுமே முகத்தில் சிரிப்பு காட்டாதது. அதைக் கெடுக்காமல் அனிமேவுக்குக் கொண்டுவந்திருப்பதே அவருக்கான மரியாதை. பெரிய பெயர்களுக்கு நடுவில் இது தொலைந்து போகக் கூடாது என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

அக்டோபர் 7, சனி

இன்று 'ஸ்பை ஃபேமிலி' இரண்டாவது சீசன். காலம் காலமாகத் தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் இருந்தது, புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். ஆன்யாவுக்குக் குரல் கொடுக்கும் அட்சுமி தானேசாகிதான் ஃப்ரீரெனுக்கும் குரல். வெள்ளி இரவு ஆயிரம் வயது எல்ஃப், சனி இரவு துறுதுறுப்பான சின்னப் பெண். ஃப்ரீரெனில் அவர் எந்த இடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. அதனால் அந்த அழுகைக் காட்சியில் குரல் லேசாகத் தடுமாறியதும் நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. டப்பிங் கலைஞர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

'அன்டெட் அன்லக்' வேறு ரகம். தன் தோலைத் தொட்டவருக்கெல்லாம் கெட்டது நடக்கும் ஒரு பெண்ணும் சாகவே முடியாத ஒருவனும். அடிப்படை யோசனை அபாரம், டேவிட் ப்ரொடக்‌ஷனின் வரைகலையும் துணிச்சலானது. ஆனால் அவள் சம்மதம் இல்லாமல் அவன் தொடுவதை நகைச்சுவையாக வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. தொட்டாலே அபாயம் என்ற வேதனையோடு ஒதுங்கி வாழும் பெண்ணின் கதையில் அதைச் சிரிப்புக்கு வைக்கவே கூடாது. கதை அந்தப் பழக்கத்தை விட்டுவிடும் என்று நம்பி இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன்.

அக்டோபர் 13, வெள்ளி

ஃப்ரீரென், ஆறாவது எபிசோட். ஸ்டார்க் என்ற பையன் ஒரு கிராமத்தை டிராகனிடமிருந்து மூன்று வருடமாகக் காத்துவருகிறான். ஊருக்கு அவன் வீரன். அவனுக்கோ தான் கோழை என்றுதான் எண்ணம், ஏனென்றால் கை நடுங்குகிறது. மலைச்சுவர் பிளந்துபோகும் அளவுக்குக் கோடரிப் பயிற்சி செய்தவன் அவன். ஹிம்மெல் குழுவில் இருந்த அவனுடைய குரு ஐசனுக்கும் அந்த நாளில் இப்படித்தான் கை நடுங்கும் என்று ஃப்ரீரெனுக்கு நினைவு வருகிறது. பயப்படாதே என்று யாரும் அவனிடம் சொல்வதில்லை. பயத்தோடேயே போய் அடிக்கிறான்.

அக்டோபர் 22, ஞாயிறு

சீசன் தொடங்கி மூன்று வாரம் கழித்து 'தி அப்பாதிக்கரி டைரீஸ்'. இதிலும் நிப்பான் டிவி மூன்று எபிசோடுகளை ஒன்றாக ஒளிபரப்பியது. இந்த முடிவுக்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். வாரத்துக்கு இத்தனை புதுத் தொடர்கள் கொட்டும்போது பாதிப் பேர் முதல் இருபது நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மெதுவாகச் சூடேறும் கதைகள்தான் அதில் அடிபடுகின்றன.

மாவ்மாவ், மருந்து தெரிந்த பெண். கடத்தப்பட்டு அரண்மனை அந்தப்புரத்தில் வேலைக்காரியாக விற்கப்படுகிறாள். அரசனின் குழந்தைகள் ஒவ்வொன்றாக நோயில் விழுகின்றன. காரணம் சாபம் இல்லை, தாய்மார்கள் பூசும் வெள்ளை முகப்பூச்சில் இருக்கும் ஈயம் என்று அவள் கண்டுபிடிக்கிறாள். பாவாடையைக் கிழித்து அதில் எச்சரிக்கை எழுதி, ஒரு கிளையில் கட்டி ஜன்னலோரம் வைக்கிறாள். அந்தக் கிளை ரோடோடெண்ட்ரான். நம் நீலகிரியில் சிவப்பாகப் பூக்கிற அதே இனம், இலையில் விஷம் உள்ளது. எச்சரிக்கையைக் கட்டிய கிளையே ஒரு குறிப்பு.

எழுதியவளைக் கண்டுபிடிக்க, அந்தப்புரத்தை நிர்வகிக்கும் ஜின்ஷி செய்யும் வேலை அருமை. வேலைக்காரிகளை வரிசையில் நிறுத்தி, ஒரு பலகையை உயர்த்திக் காட்டுகிறான். 'மூக்கில் புள்ளி உள்ளவளே, நீ மட்டும் நில்' என்று அதில் எழுதியிருக்கிறது. மற்றவர்கள் ஒன்றும் புரியாமல் கலைந்துபோக, படிக்கத் தெரிந்த ஒருத்தியின் கால் மட்டும் நின்றுவிடுகிறது. அவோய் யூகி மாவ்மாவுக்குக் கொடுத்திருக்கும் அலுப்பான முணுமுணுப்பும், விஷத்தைக் கண்டால் வரும் குதூகலமும் ஒரே வாயிலிருந்து வருவது கேட்கக் கேட்கத் திகட்டவில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

நேற்று நெட்ஃப்ளிக்ஸில் 'ப்ளூட்டோ'. எட்டு எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் அளவுக்கு. மாங்கா முன்னோடி ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' கதை ஒன்றை நாவோகி உராசாவா 2003 முதல் 2009 வரை மாங்காவாகத் திருப்பி எழுதினார். அதன் அனிமே இது.

துப்பறியும் ரோபோ கெசிஹ்ட், இறந்துபோன போலீஸ் ரோபோவின் மனைவியிடம் செய்தி சொல்லப் போகிறான். அவளும் ரோபோ, பழைய மாடல், உலோக முகம், அசையும் உதடுகூடக் கிடையாது. நினைவுகளை அழித்துவிடட்டுமா என்று கேட்கிறான். வேண்டாம், இருக்கட்டும் என்கிறாள். அதே எபிசோடில் பார்வையற்ற ஓர் இசையமைப்பாளரின் வீட்டில் வேலைக்காரனாக இருக்கும் போர் ரோபோ பியானோ கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். மறுநாள் வேலை இருக்கிறது என்று தெரிந்தும் அதற்கு அப்புறம் அடுத்த எபிசோடைப் போட மனம் வரவில்லை.

ஒரு மனிதரைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன். மாசாவோ மாருயாமா. தெசுகாவின் முஷி ப்ரொடக்‌ஷனில் தொடங்கியவர். 1972-ல் மேட்ஹவுஸை நிறுவியவர்களில் ஒருவர். 'ஃப்ரீரென்' அந்த மேட்ஹவுஸின் தொடர். 2011-ல் மாப்பாவைத் தொடங்கினார். வியாழன்தோறும் ஷிபுயா சண்டையை நடத்திக்கொண்டிருக்கும் 'ஜுஜுட்சு கைசன்' மாப்பாவுடையது. அப்புறம் எம்2 ஸ்டுடியோ, 'ப்ளூட்டோ' அங்கிருந்துதான். இந்தச் சீசனில் எனக்கு மிக நெருக்கமான இரண்டு தொடர்களும், ஊரே பேசும் மூன்றாவதும், இவர் அஸ்திவாரம் போட்ட வீடுகளிலிருந்து வந்திருக்கின்றன. 80 வயதைத் தாண்டியும் தன் முதல் முதலாளியின் கதையைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 29, ஞாயிறு

மாவ்மாவ், நான்காவது எபிசோட். குழந்தையைப் பறிகொடுத்த லிஹுவா ராணி படுக்கையில் கிடக்கிறாள். விஷம் என்று சொல்லித் தடை செய்த பிறகும் அந்த முகப்பூச்சை ஒரு பணிப்பெண் ராணிக்குப் பூசிக்கொண்டே இருந்திருக்கிறாள், ராணி அழகாக இருக்க வேண்டுமாம். மாவ்மாவ் அவளை ஓங்கி அறைகிறாள், பூச்சை அவள் தலையில் கொட்டுகிறாள். இதுவரை எதற்கும் தோளைக் குலுக்கிவிட்டுப் போன பெண்ணின் கோபம் அது. முதல் மூன்று எபிசோடுகளில் அவளைப் பழகியிருந்ததால் அந்த அறை எனக்குச் சுளீரென்று பட்டது.

அதற்குப் பிறகு துப்பறிய ஒன்றுமே இல்லை. கஞ்சி ஊட்டுகிறாள், காற்று வரச் செய்கிறாள், வேர்க்க வைக்கிறாள். என்னை ஏன் சாக விடவில்லை என்று ராணி கேட்டால், சாக வேண்டுமானால் சாப்பிடாமல் இருந்திருக்கலாமே என்று நேராகச் சொல்கிறாள். இந்தத் தொடர் இடைவெளி விடாமல் அரை வருடம் ஓடப்போகிறது. முழு எபிசோடையும் நோயாளியின் கஞ்சிக்குக் கொடுக்கும் தைரியம் இருந்தால், அத்தனை வாரமும் நான் கூடவே இருக்கிறேன்.