பிடியும் விடுதலும்

நெல்லிக்குப்பத்தில் இன்று மாலை எங்கள் ஜெர்சிக் கலப்பினப் பசுவுக்குச் சினை ஊசி போட வந்தவர், நைட்ரஜன் குடுவையிலிருந்து எடுத்த உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் அமிழ்த்திவைத்தார்.

"காலையிலேயே பருவத்துக்கு வந்து கத்தியதே, தாமதம் ஆகாதா?" என்றார் அத்தை.

"முட்டை நாளைக்குத்தாங்கம்மா வரும்."

அதுவரை விந்தணு என்ன செய்யும்?

பலரும் நினைப்பதுபோல அது நிற்காமல் ஓடுவதில்லை. கருக்குழாயின் கீழ்ப்பகுதியை அடைந்தவை, உட்சுவரின் மயிரிழைச் செல்களில் தலையால் ஒட்டிக்கொண்டு, வால் மட்டும் மெல்ல அசையக் காத்திருக்கின்றன. காளையின் விந்துப்பையில் சுரந்து விந்தணுவின் மேல் படிந்த பிஎஸ்பி புரதங்களை, அச்செல்களின் பரப்பிலுள்ள அனெக்சின் புரதங்கள் பற்றிக்கொள்கின்றன. ஃபியூகோஸ் என்னும் சர்க்கரைக்கும் இதில் பங்குண்டு. இப்படி ஒட்டியிருப்பவையே நெடுநேரம் உயிர்த்திருக்கின்றன.

எனக்கு வியப்பளிப்பது பிடியைவிட விடுதல்தான். விந்தணு கருவுறுத்தும் திறன் பெறும்போது அந்த பிஎஸ்பி புரதங்கள் கழன்றுபோக, அதுவரை அடங்கியிருந்த வால் சாட்டைபோல் வீசத் தொடங்கி, விந்தணுவைச் சுவரிலிருந்து பிய்த்தெடுக்கிறது. எல்லாம் ஒன்றாகப் புறப்படாமல் சிறிது சிறிதாகக் கிளம்புவதால், ஒரே முட்டையைப் பல விந்தணுக்கள் துளைக்கும் ஆபத்தும் குறைகிறது.

பசுவோ, எதுவும் நடவாததுபோல் வைக்கோலை அசைபோட்டுக்கொண்டிருந்தது.