தொப்பிக்குள் காகிதம் வைத்திருந்த வக்கீல்

எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கு லிங்கன் வருடத்தில் இரண்டு தடவை வருவார். பிளஸ் டூ ரிசல்ட் வரும்போது ஒருமுறை, நீட் ரிசல்ட் வரும்போது ஒருமுறை. கடை வைத்து நொடித்தார், தேர்தலில் நின்று தோற்றார், மறுபடி நின்றார், மறுபடி தோற்றார், கடைசியில் ஜனாதிபதி ஆனார். கீழே ஒரு சூரியோதயப் படம். இந்தத் தடவை அனுப்பியவர் என் பெரியம்மா மகன்.

“அண்ணா, 1834, 1836, 1838, 1840 என்று நாலு தேர்தலில் வரிசையாக ஜெயித்து, இல்லினாய் மாநிலத்தில் எட்டு வருடம் எம்.எல்.ஏ.வாக இருந்தவர் அவர். அதையும் போடுங்கள்” என்று பதில் அனுப்பினேன். ஒரு கும்பிடு வந்தது. மறுநாள், மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதியதாகச் சுற்றும் அந்தக் கடிதம் வந்தது. அது அவர் எழுதியது என்பதற்கு ஆதாரமே கிடையாது. சரி, விட்டுவிட்டேன்.

எனக்கு ஜனாதிபதி லிங்கனோடு பெரிய பழக்கம் இல்லை. வக்கீல் லிங்கனைத் தெரியும். சென்னை ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் இருபத்திரண்டு வருடமாகச் செக் கேஸும் வாடகைக் கேஸும் பார்க்கிறேன். அந்த மனுஷன் கால் நூற்றாண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளில் இருந்திருக்கிறார். அதில் பெரும்பங்கு கடன் பாக்கி, புரோநோட்டு, வேலி தாண்டிய மாடு, வாய்த் தகராறு. வாய்தா தேதி மட்டும்தான் வேறு.

1832 சட்டசபைத் தேர்தலில் தோற்றது நிஜம்தான். பதின்மூன்று பேரில் எட்டாவது. ஆனால் குடியிருந்த நியூ சேலம் கிராமத்தில் விழுந்த 300 ஓட்டில் 277 அவருக்கு. தெருக்காரர்களுக்குத் தெரிந்த ஆள், வெளியூரில் தெரியாத ஆள், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து ஜெயித்தபோது சட்டசபைக்குப் போட்டுக்கொண்டு போக நல்ல உடுப்பு இல்லை. ஊர்க்காரர் ஒருவரிடம் 200 டாலர் கடன் வாங்கித்தான் கோட்டு தைத்தார். கூடவே ஜெயித்த ஜான் ஸ்டுவர்ட் என்ற வக்கீல், ‘சட்டம் படி’ என்று சொல்லிப் புத்தகங்களையும் கடனாகக் கொடுத்தார். பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் சேர்த்தால் ஒரு வருடம்கூடத் தேறாத ஆள், சட்டக் கல்லூரி வாசலையே மிதிக்காமல் 1836-ல் வக்கீல் உரிமம் வாங்கினார். இன்று இதை எங்கள் பார் கவுன்சிலிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

எம்.எல்.ஏ. வேலையில் அவர் ஒன்றும் புனிதர் இல்லை. அவருடைய சங்கமன் கவுன்டியிலிருந்து (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) போன ஒன்பது பேரும் ஆறடி ஆட்கள். ‘நெட்டை ஒன்பது’ என்றே பெயர். ஒன்பது பேரும் சேர்ந்து வேலை பார்த்து, மாநிலத் தலைநகரை வண்டேலியாவிலிருந்து தங்கள் ஊர்ப்பக்கம் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு இழுத்துவந்தார்கள். அதே 1837-ல் ரயில் பாதை, கால்வாய் என்று ஒரு கோடி டாலர் திட்டத்துக்குக் கை தூக்கினார்கள். அந்த வருடமே நாட்டில் பண நெருக்கடி. பாதைகள் பாதியில் நிற்க, மாநிலம் வருடக்கணக்கில் கடனில் கிடந்தது. 1840 டிசம்பரில், கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான தலைக்கணக்கு, சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு கூட்டாளிகளோடு ஜன்னல் வழியாக வெளியே குதித்திருக்கிறார். புதிய சட்டசபைக் கட்டடம் முடியாததால் கூட்டம் ஒரு சர்ச்சில் நடந்துகொண்டிருந்தது. குதித்ததும் வீண், அதற்குள் தலை எண்ணி முடித்துவிட்டார்கள். வெளிநடப்பு பார்த்துப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதில்லை, ஜன்னல் மட்டும்தான் புதிது.

எனக்குப் பிடித்தது அவர் ஊர் ஊராகப் போன கதைதான். அங்கே கோர்ட்டே ஊர்வலம் போகும். எட்டாவது சர்க்யூட் என்று பெயர், ஒரு சமயம் பதினான்கு கவுன்டிகள் இருந்தன. வசந்தத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று. ஜட்ஜும் வக்கீல்களும் குதிரையிலும் வண்டியிலும் சேற்றில் போவார்கள். ராத்திரி ஒரே விடுதி, ஒரு கட்டிலுக்கு இரண்டு வக்கீல். ஜட்ஜ் டேவிட் டேவிஸ் முந்நூறு பவுண்டு எடை, அவருக்கு மட்டும் தனிக் கட்டில். காலையில் எதிர்த்து வாதாடப்போகும் வக்கீலோடு ராத்திரி போர்வையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் டீயோடு நிறுத்திக்கொள்கிறோம். டேவிஸுக்கு ஊரில் வேலை வந்தால் சில நாள் லிங்கனையே ஜட்ஜ் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போவாராம்.

கடிதங்கள், காகிதங்கள் எல்லாம் லிங்கனின் உயரத் தொப்பிக்குள்தான் இருக்கும். ஆபீஸில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. அதன் மேல், ‘வேறெங்கும் கிடைக்காவிட்டால் இதில் பார்’ என்று அவரே எழுதி வைத்திருந்ததாகப் பார்ட்னர் ஹெர்ண்டன் சொல்லியிருக்கிறார். தம்பு செட்டித் தெருவில் எங்கள் சேம்பரின் பரண் முழுக்க அப்படித்தான். போன மாதம் ஒரு கேஸின் ஒரிஜினல் செக்கைத் தேடி நானும் குமாஸ்தாவும் இரண்டு மணி நேரம் தும்மினோம். கடைசியில் அது காலண்டருக்குப் பின்னால் இருந்தது.

பீஸ் விஷயத்தில்தான் அவரை நம்ப முடிகிறது. முழுப் பீஸையும் முன்னாலேயே வாங்காதே, வாங்கினால் கேஸில் அக்கறை போய்விடும் என்று தன் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். என் சீனியரோ இதற்கு நேர் எதிர்: “வக்காலத்துல கையெழுத்து விழும்போதே பாதியை வாங்கிடும்மா, ஜெயிச்சா அவன் திறமை, தோத்தா உன் தப்பு.” கடைசியில் சீனியர் சொன்னதுதான் நடந்தது. கவுன்டி போட்ட வரியை எதிர்த்து இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேக்காக வாதாடி 1856-ல் ஜெயித்துக்கொடுத்தார் லிங்கன். கம்பெனி பீஸ் கொடுக்க மறுத்தது. அடுத்த வருடம் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டு 5,000 டாலர் வாங்கினார். பாதியை ஹெர்ண்டனுக்குக் கொடுத்துவிட்டு, அதே கம்பெனிக்குத் தொடர்ந்து ஆஜரும் ஆனார்! எனக்கும் ஒரு கம்பெனி மூன்று வருடமாகப் பாக்கி வைத்திருக்கிறது. வழக்குப் போடத் தைரியம் இல்லை, அடுத்த கேஸும் அவர்களுடையதுதான்.

ஆனால் ஒரு கேஸைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1847 அக்டோபர், சார்ல்ஸ்டன் ஊர். கென்டக்கிக்காரர் ராபர்ட் மேட்சன், தன் அடிமைகளான ஜேன் பிரயன்ட்டையும் அவள் நான்கு பிள்ளைகளையும் இல்லினாயில் தன் நிலத்தில் வேலைக்கு வைத்திருந்தார். அடிமை முறை இருந்த கென்டக்கிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து அவள் பிள்ளைகளோடு தப்பினாள். அவர்களைத் திருப்பிக் கேட்டு மேட்சன் கோர்ட்டுக்குப் போனார். மேட்சன் பக்கம் ஆஜரான வக்கீல்களில் ஒருவர் லிங்கன். பத்து வருடம் முன்னால் சட்டசபையில், அடிமை முறை அநீதி என்று இன்னொரு உறுப்பினரோடு சேர்ந்து எதிர்ப்பைப் பதிவு செய்த அதே ஆள். 1841-ல் நான்ஸ் என்ற பெண் அடிமை இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்த அதே ஆள்.

நல்லவேளை, தோற்றார். ஜேனும் பிள்ளைகளும் விடுதலை ஆனார்கள்.

கட்சிக்காரர் வந்தால் எடுக்க வேண்டியதுதானே என்பார்கள் கோர்ட்டில். நானும் சொல்லியிருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது வருடம் குடியிருந்த ஒரு அம்மாவை வீட்டுக்காரருக்காகக் காலி செய்யவைத்தேன். சட்டப்படி எல்லாம் சரி. ஆர்டர் வந்த அன்று அந்த அம்மா வராந்தாவில் என்னைப் பார்த்து, “சாப்டியாம்மா?” என்றார். நான் கேஸ் கட்டைப் புரட்டுவதுபோல் நின்றேன். சீனியரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு காபி சொன்னார்.

1861-ல் வாஷிங்டன் கிளம்பும் முன், ‘லிங்கன் அண்டு ஹெர்ண்டன்’ போர்டை எடுக்க வேண்டாம், உயிரோடு இருந்தால் திரும்பி வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி பிராக்டிஸைத் தொடரலாம் என்று ஹெர்ண்டனிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

சீனியர் போய் நாலு வருடம் ஆகிறது. அவர் போர்டு இன்னும் மாடிப்படி ஓரம்தான் இருக்கிறது. போன வாரம் பெய்த மழையில் ஒரு பக்கத் திருகு கழன்று தொங்கியது. குமாஸ்தா கட்டு கட்டும் சிவப்பு நாடாவை எடுத்து இழுத்துக் கட்டியிருக்கிறார்.