காத்து புகாத ஜார்ல தட்டைப்பயறு: 120 நாள் வச்சு பார்த்ததுல தெரிஞ்சது

நாலு பாத்தியில போட்ட தட்டைப்பயறு (சில பேர் காராமணின்னு சொல்லுவீங்க) இந்த தடவை நல்லாவே வந்துச்சு. வெளியில இருந்து உரம் ஒரு பிடி கூட போடல, காஞ்ச இலையை மூடாக்கா பரப்பி விட்டதோட சரி. பூக்குற நேரத்துல ஒரு செடியை பிடுங்கி வேரை பார்த்தேன், கடுகு சைஸ்ல முடிச்சு முடிச்சா இருந்துச்சு, நகத்தால ஒண்ணை கிள்ளினா உள்ள சிவப்பு. அந்த சிவப்பு இருந்தாதான் ரைசோபியம் பாக்டீரியா காத்துல இருக்குற நைட்ரஜனை பிடிச்சு செடிக்கு கொடுத்துட்டு இருக்குன்னு அர்த்தம். அதை பார்த்தப்ப அவ்ளோ சந்தோஷம்.

அறுத்து காய வச்சு அடிச்சு புடைச்சு ஒரு துணிப்பையில கட்டி ஓரமா வச்சுட்டேன். ஆறு வாரம் கழிச்சு பையை அவிழ்த்தா கையில மாவு மாதிரி ஒட்டுது, ஒரு பயறை எடுத்து வெளிச்சத்துல காட்டினா நட்ட நடுவுல ஊசியால குத்தின மாதிரி ஓட்டை, பை ஓரத்துல பழுப்பு கலர்ல குட்டி குட்டி வண்டு ஊர்ந்துட்டு இருக்கு. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு சொல்லுவாங்களே அதுதான். மூணு மாசம் பார்த்து பார்த்து வளர்த்தது ஆறு வாரத்துல போகுதேன்னு மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

எனக்கு இது பொழுதுபோக்கு, பயறு போனா சாப்பாடு நிக்காது. ஆனா இதே வண்டு இதே பயறை சாப்பாட்டுக்கே நம்பி இருக்குற குடும்பத்தோட மூட்டையில பூந்தா என்ன ஆகும்னு யோசிக்க ஆரம்பிச்சதுலதான் இந்த சோதனையே தொடங்குச்சு. 2024ல உலகத்துல ஏறக்குறைய 67.3 கோடி பேர் பசியில இருந்தாங்கன்னு ஐநா அமைப்புகளோட அறிக்கை சொல்லுது. இன்னொரு பக்கம், விளையுற உணவுல சுமார் 14 சதவீதம் அறுவடைக்கு அப்புறம் கடைக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடியே வீணாப் போகுதுன்னு ஐநாவோட உணவு, விவசாய அமைப்பான எஃப்ஏஓ 2019ல கணக்கு போட்டுச்சு. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்த்தேன், எப்படி அதிகமா விளைய வைக்கிறதுன்னே இத்தனை நாள் படிச்சுட்டு இருந்திருக்கேன், விளைஞ்சதை எப்படி காப்பாத்துறதுன்னு ஒரு நாள் கூட உக்காந்து யோசிச்சதில்லன்னு உறைச்சுச்சு.

முதல்ல எதிரியை பத்தி சொல்லிடுறேன். பயறு வண்டுன்னு பேரு, சயின்ஸ் பேரு காலோசோப்ரூகஸ் மாக்குலேட்டஸ். பெண் வண்டு பயறோட தோல் மேல முட்டையை ஒட்டி வைக்கும், உத்து பார்த்தா வெள்ளையா பளபளன்னு ஒரு புள்ளி தெரியும். புழு பொரிஞ்சதும் முட்டைக்கு அடியிலயே துளை போட்டு நேரா பயறுக்குள்ள போயிடும், வெளியில ஒரு அடையாளமும் இருக்காது, உள்ள தின்னு தின்னு வளர்ந்து தோல்ல மட்டும் ஒரு மெல்லிய வட்டத்தை விட்டு வைக்கும், ஜன்னல் மாதிரி. ஏறக்குறைய ஒரு மாசத்துல அந்த ஜன்னலை தள்ளிட்டு வண்டா வெளியில வரும். வளர்ந்த வண்டு பயறை தின்னவே தின்னாது, முட்டை போடத்தான் அலையும். நாம ஓட்டையை பார்க்குறப்ப நாசம் முடிஞ்சுடுது, அதுக்குள்ள அடுத்த தலைமுறை பக்கத்து பயறுக்குள்ள உக்காந்திருக்கும்.

இதுக்கு மருந்து இல்லாம ஒரு வழி 1980கள் கடைசியில கேமரூன்ல பிறந்துச்சு. அமெரிக்காவோட பர்டூ பல்கலைக்கழகத்து பூச்சியியல் விஞ்ஞானி லேரி மர்டாக்கும் அவரோட குழுவும் அங்க உள்ள விஞ்ஞானிகளோட சேர்ந்து தட்டைப்பயறுக்குன்னே கண்டுபிடிச்சது, பிக்ஸ் பைன்னு சொல்றாங்க. உள்ள ரெண்டு தடிமனான பாலித்தீன் பை, வெளியில நெய்த சாக்கு, மூணையும் தனித்தனியா முறுக்கி இறுக்கி கட்டணும், அவ்ளோதான் விஷயம். 2007ல இருந்து மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவுல பத்து நாட்டுல விவசாயிங்க கிட்ட கொண்டு போனாங்க.

இது எப்படி வேலை செய்யுதுங்குறதுதான் என்னை இழுத்துப் போட்டது. நாம காத்தை உறிஞ்சி எடுக்க வேண்டாம். உள்ள இருக்குற வண்டும் புழுவுமே மூச்சு விட்டு மூச்சு விட்டு ஆக்சிஜனை காலி பண்ணிடும். ஆக்சிஜன் ரொம்ப குறைஞ்சதும் புழு தின்னுறதை நிறுத்திடும். காஞ்ச பயறுக்குள்ள தண்ணி ஏது? அதுக்கு வேண்டிய தண்ணியில பெரும்பகுதியை தின்ன மாவை ஆக்சிஜனோட சேர்த்து எரிச்சு உடம்புக்குள்ளயே தயாரிச்சுக்குது, ஆக்சிஜன் போனா அந்த தண்ணியும் நின்னுடும், அதனால கடைசியில அது வறண்டுதான் சாகுது. வெறும் மூச்சுத் திணறல்னு நான் நினைச்சுட்டு இருந்தேன், இதை படிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

சரி, சோதனைக்கு வர்றேன். பை கைவசம் இல்லாததால ரப்பர் வளையம் போட்ட ஒரு லிட்டர் கண்ணாடி ஜார் ஆறு எடுத்தேன். மூடுறதுக்கு முன்னாடி ஈரம் பார்க்கணும், இதை விட்டுடாதீங்க, ஈரமான தானியத்தை காத்து புகாம மூடினா பூஞ்சணம் பிடிச்சு மொத்தமும் கெட்டுடும். அதுக்கு உப்பு டெஸ்ட் போதும். நல்லா காஞ்ச பாட்டில்ல மூணுல ஒரு பங்கு பயறு, அதோட ஒரு ஸ்பூன் காஞ்ச உப்பு, மூடி நல்லா குலுக்கிட்டு கால் மணி நேரம் வைக்கணும். உப்பு கண்ணாடியில ஒட்டினா ஈரம் 15 சதவீதத்துக்கு மேல இருக்கு, இன்னும் காய வைக்கணும். எனக்கு முதல் நாள் ஒட்டுச்சு. இன்னும் ரெண்டு நாள் வெயில்ல போட்டு திரும்ப பார்த்தப்ப உப்பு கண்ணாடியில ஒட்டாம உதிரியா அடியில விழுந்துச்சு.

தொடங்குற அன்னிக்கு கலந்து எடுத்த 200 பயறுல 22ல ஓட்டை. ஆறு ஜாரும் இப்படி: முதல் ஜார் துணி மட்டும் கட்டி திறந்து வச்சது. ரெண்டாவதும் மூணாவதும் கழுத்து வரைக்கும் நிரப்பி, தட்டி தட்டி இடைவெளி இல்லாம பண்ணி, இறுக்கி மூடினது. நாலாவது பாதி மட்டும் நிரப்பி இறுக்கி மூடினது. அஞ்சாவது சலிச்சு ஆற வச்ச விறகு சாம்பல் கலந்தது, நாலு பங்கு பயறுக்கு மூணு பங்கு சாம்பல், மேல ஒரு விரக்கடை சாம்பலாலயே மூடினேன். ஆறாவது வெயில்ல சூடு பண்ணி மூடினது, கருப்பு ஷீட் மேல மெல்லிசா பரப்பி, மேல தெளிவான பாலித்தீன் போட்டு, ஓரம் பூரா கல் வச்சு அமுக்கினேன். 57 டிகிரியில ஒரு மணி நேரம் இருந்தா முட்டை, புழு, வண்டு எல்லாமே செத்துடும். நடுவுல சொருகி வச்ச தெர்மாமீட்டர் 60ஐ தாண்டி நின்னுச்சு, நான் ரெண்டு மணி நேரம் விட்டேன்.

10ஆம் நாள்: இறுக்கி மூடின ரெண்டு, மூணு, நாலாவது ஜார்ல வண்டுங்க மேல் பக்கமா கண்ணாடியை ஒட்டி கூடி நிக்குது, நடமாட்டம் மெதுவாயிடுச்சு. முதல் ஜார்ல எப்பவும் போல ஓடிட்டு இருக்கு.

18ஆம் நாள்: ரெண்டாவது ஜார்ல ஒண்ணும் அசையல. மூணாவதும் அதே மாதிரி நிரப்பி அதே மாதிரி மூடினதுதானே, அதுல மட்டும் வண்டு நல்லா உயிரோட சுத்துது. எனக்கு புரியவே இல்ல.

35ஆம் நாள்: முதல் ஜார் பக்கத்துல போனாலே ஒரு நாத்தம், கையை உள்ள விட்டா லேசா சூடு தெரியுது. எண்ணி பார்த்தேன், 200ல 74. மூடின ஜாரை திறந்து எண்ணணும்னு கை துறுதுறுத்துச்சு ஆனா திறக்கல, திறந்தா புது காத்து உள்ள போய் எல்லாம் முதல்ல இருந்து தொடங்கிடும். இந்த பொறுமைதான் இதுல பாதி வேலை.

60ஆம் நாள்: மூணாவது ஜாரோட ரகசியம் தெரிஞ்சுச்சு. தலைகீழா தண்ணி வாளியில மூடி வரைக்கும் முக்கி, கையால கண்ணாடியை கொஞ்ச நேரம் பிடிச்சு சூடு காட்டினேன், மூடி ஓரத்துல இருந்து மணி மாதிரி ஒரு குமிழ், அப்புறம் இன்னொண்ணு. துடைச்சுட்டு ரப்பர் வளையத்தை லென்ஸ் வச்சு பார்த்தா முடி அளவுக்கு ஒரு வெடிப்பு, அவ்ளோதான். அந்த ஒரு வெடிப்பு வழியா போன காத்துலதான் ரெண்டு மாசமா வண்டு குடும்பம் நடத்தியிருக்கு. வளையத்தை மாத்தலாமான்னு யோசிச்சேன், அப்புறம் கசியுற ஜார் என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுக்குறதும் முக்கியம்னு அப்படியே விட்டுட்டேன். வயல்ல எலி ஒரு இடத்துல பையை கடிச்சாலும் இதே கதைதான் நடக்கும்.

120ஆம் நாள், எல்லாத்தையும் திறந்து ஒவ்வொண்ணுலயும் 200 எண்ணினேன். திறந்து வச்சதுல 189ல ஓட்டை, கையில அள்ளினா கனமே இல்ல, தண்ணியில போட்டா முக்கால்வாசி மிதக்குது. நிரப்பி மூடின ரெண்டாவதுல 24. தொடங்கினப்ப 22, அதாவது ஏறக்குறைய அப்படியே நின்னுடுச்சு! கசிஞ்ச மூணாவதுல 117. பாதி நிரப்பினதுல 31, மேல இருந்த காலி இடத்து காத்து தீர்ற வரைக்கும் கொஞ்சம் தின்னிருக்கு. சாம்பல்ல 33. வெயில்ல போட்டது 23.

ஒவ்வொண்ணுலயும் 20 விதை எடுத்து ஈரத்துணியில சுத்தி முளைப்பும் பார்த்தேன், ஏன்னா சாப்பிடுறதுக்கு மட்டுமா, அடுத்த போகத்துக்கு விதையும் இதுலதானே எடுக்கணும். திறந்ததுல 4 முளைச்சுச்சு, கசிஞ்சதுல 9, நிரப்பி மூடினதுலயும் வெயில்ல போட்டதுலயும் 18, பாதி ஜார்லயும் சாம்பல்லயும் 17.

இதுல எனக்கு பெருசா படுறது என்னன்னா, அறுவடை நேரத்துல எல்லார் கிட்டயும் சரக்கு இருக்கும், விலை தரையில கிடக்கும், வண்டு வந்துடும்ங்குற பயத்துல சின்ன விவசாயி உடனே கொடுத்துடுவார், நாலஞ்சு மாசம் கழிச்சு வீட்டுல இருப்பு தீர்ந்ததும் அதே தானியத்தை ஏறின விலைக்கு வாங்கணும். கடன் இருக்குறவங்களுக்கு பை மட்டும் போதாது, அது வேற பிரச்சனை, அதை நான் மறைக்க விரும்பல. ஆனா பயத்துல விக்கிறவங்க கையில ஒரு நல்ல பை இருந்தா எப்ப விக்கணும்ங்குற முடிவு அவங்க கிட்டயே இருக்கும், மருந்து தூளை சாப்பாட்டு தானியத்துல கலக்க வேண்டிய அவசியமும் இல்ல. புது ரகம், டிரோன், சென்சார் எல்லாம் வரட்டும், நான் எதிர்க்கல, அதோட சேர்த்து இந்த ரெண்டு பாலித்தீன் பையையும் விவசாய கண்டுபிடிப்புன்னு மனசார சொல்லணும்னு நினைக்கிறேன்.

சாம்பல் முறை கையில ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு நல்ல வழிதான், ஆனா திரும்ப சலிச்சு கழுவுறதுக்கு எனக்கு ஒரு மதியம் பூரா போச்சு, மூட்டை கணக்குல எப்படி பண்ணுவாங்கன்னு மலைப்பா இருக்கு.

பாதி ஜார்ல இருந்ததை எடுத்து ரெண்டாவது ஜாரை திரும்ப கழுத்து வரைக்கும் நிரப்பி, வளையத்தை வாளி டெஸ்ட் பண்ணி, தேதி எழுதி ஒட்டி மூடியாச்சு, இந்த தடவை 240 நாள். அடுத்து மக்காச்சோளம், அதுல வர்ற வண்டு வேற, பயறு வண்டை விட ரொம்ப நாள் உயிரோட இருக்கும், வளர்ந்த வண்டும் தானியத்தை தின்னும். யாராச்சும் மக்காச்சோளத்தை இப்படி மூடி வச்சு பார்த்திருந்தா எத்தனை நாள் கழிச்சு திறந்தீங்க, பையா ஜாரான்னு சொல்லுங்க, அதை வச்சு என்னோட நாள் கணக்கை மாத்திக்குறேன்.