வட்டச் சாலையில் 22 கார்கள்

விபத்து இல்லை, சிக்னல் இல்லை. ஆனாலும் வண்டிகள் நின்று நின்று நகர்கின்றன. ஏன் என்று கணினியில் செய்து பார்க்க ரொம்ப நாள் ஆசை.

முதலில் நாகல், ஷ்ரெக்கன்பெர்க் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1992-இல் தந்த முறை. சாலை 7.5 மீட்டர் கட்டங்களாகும். ஒவ்வொரு வண்டியும் நொடிக்கொரு முறை வேகத்தைக் கூட்டும், இடிக்காத அளவுக்குக் குறைக்கும், சில சமயம் பகடை உருட்டியதுபோல் சும்மாவே ஒரு படி குறைக்கும், நகரும். நெரிசல் வந்தது. ஆனால் வரவழைத்தது அந்தப் பகடைதான். ஓட்டுநரின் குணத்தைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை.

சரி என்று 2000-இல் வந்த இன்டெலிஜென்ட் டிரைவர் மாடலுக்கு மாறினேன். விரும்பும் வேகம், முன்வண்டியோடு விடும் நொடி இடைவெளி, நிற்கும்போது விடும் இடைவெளி, முடுக்கம், இதமான பிரேக்: ஐந்து எண்கள், ஓர் ஓட்டுநர். நிஜக் கார்களை வட்டத்தில் ஓட்டி ஜப்பானில் நடந்து 2008-இல் வெளியான சோதனையைப் போலவே 230 மீட்டர் வட்டத்தில் 22 கார்களை விட்டேன்.

முதல் ஓட்டத்தில் சில கார்கள் பின்னோக்கிப் போயின! நிற்கப்போகும் காரின் வேகம் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. பூஜ்யத்தோடு நிறுத்தியதும் சரியானது.

விரும்பும் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், இடைவெளி 1 நொடி, முடுக்கம் 0.5 மீட்டர்/நொடி². சம தூரத்தில் விட்டபோது எவ்வளவு நேரம் ஓடினாலும் குலையவே இல்லை. ஒரே ஒரு காரை ஒரு நொடி பிரேக் போட வைத்தேன். பின்னால் வந்தவர் கொஞ்சம் கூடுதலாக, அவருக்குப் பின்னவர் இன்னும் கூடுதலாக... சில சுற்றுகளில் ஒரு கார் முழுசாக நின்றேவிட்டது. கார்கள் முன்னே போக, நெரிசல் மட்டும் பின்னோக்கி ஊர்ந்தது. அதைத் திரையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் முடுக்கத்தை மட்டும் 2 ஆக்கினேன். அதே பிரேக், ஆனால் அலை கரைந்துபோனது. ஆக்ரோஷமாக ஓட்டுபவர்தான் நெரிசலுக்குக் காரணம் என்று நினைத்திருந்தேன். இங்கே வினை, வழி கிடைத்த பிறகும் மெல்லக் கிளம்புவதில் இருந்தது. மெல்லக் கிளம்பும்போது பின்னால் வண்டிகள் சேர்ந்துவிடுகின்றன.

இப்போது இரண்டு குணத்தையும் கலந்து விட்டிருக்கிறேன். 11 பேரைச் சுறுசுறுப்பாக்கியும் அலை இன்னும் அடங்கவில்லை.